முதல் பரிசோதனை: தலைவர்

நோட்டீஸ் அச்சாகி வீட்டுக்கு வந்த பிறகுதான் பக்தவச்சலம் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

'முதியோருக்கான ஊட்டச்சத்து, ரத்த அழுத்தப் பயிலரங்கம். குத்துவிளக்கு ஏற்றுதல்: தலைவர். தலைமையுரை: தலைவர். முதல் பரிசோதனை: தலைவர்.'

செம்பாக்கம் முதியோர் நலச் சங்கத்தின் தலைவர் அவர்தான். நோட்டீஸை எழுதியவரும் அவர்தான். எதிலும் தன் பெயர் முதலில் வரவேண்டும் என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. வரப்போவது மாலையா, பரிசோதனையா என்று கை யோசிக்கவில்லை.

ஆடி மாதமே தாம்பரத்தில் ஒரு டாக்டர் அழுத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாள் விழுங்கியதில் தலைபாரம் போயிற்று. அந்தத் தெம்பில் சங்கக் கூட்டத்தில், "என்னைப் பாருங்க. நூத்தி இருபது பை எண்பது. மாத்திரையே கிடையாது. எல்லாம் கட்டுப்பாடு!" என்று முழங்கிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டு வாங்கிய பிறகு மாத்திரை விழுங்குவது எப்படி? நிறுத்திவிட்டார். தலைபாரம் திரும்பி வந்தது. இது மனைவி அம்மணிக்கு மட்டும்தான் தெரியும்.

பயிலரங்கத்துக்கு முந்தின வாரம் உப்பில்லாக் கஞ்சி குடித்தார். அப்பளத்தைத் தொடவில்லை. மாவடு ஜாடி இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை.

"வருஷம் பூரா தின்னுட்டு ஒரு வாரம் கஞ்சி குடிச்சா மெஷின் ஏமாந்துடுமா? மாத்திரையப் போடுங்க" என்றாள் அம்மணி.

"இப்பப் போட்டா ஞாயித்துக்கிழமைக்குள்ள எறங்குமா?"

"ஞாயித்துக்கிழமைக்கா போடறது? உசுருக்குங்க."

அவர் மிச்சக் கஞ்சியையும் எடுத்துக் குடித்தார். பின்கழுத்தில் யாரோ விரலால் தட்டிக்கொண்டே இருப்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. வாசல் தென்னையில் குழாய் ஒலிபெருக்கி. மைக்கில் மைக்செட்காரன் சிட்டிபாபு; செல்லியம்மன் திருவிழாவில் நன்கொடை தந்தவர்கள் பெயரையும் தொகையையும் வாசிக்கும் அதே வெண்கலக் குரல். டாக்டர் ஞானஜோதி ஊறுகாயையும் கருவாட்டையும் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் பஜ்ஜி எண்ணெயில் இறங்கும் சத்தம் கேட்டது. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது தலைவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"தலைவர் முதல்ல வாங்க சார்" என்றார் டாக்டர்.

"பெரியவங்க இருக்கறப்போ நானா? ஜெயவேலு அண்ணா, நீங்க உக்காருங்க."

நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்று, தெருவுக்கு அப்பா பெயரை வைத்த ஜெயவேலு அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பக்தவச்சலம் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததே இல்லை.

டாக்டர் அளந்து, பெயரையும் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்குங்க ஐயா."

அந்த ஊரில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு கைக்கு வந்தால் அது போகவேண்டிய இடம் ஒன்றுதான். ஜெயவேலு நேரே சிட்டிபாபுவிடம் கொடுத்தார்.

"மதிப்புக்குரிய பெரியவர் ஜெயவேலு அவர்கள்... நூற்று முப்பது!"

பழக்கதோஷத்தில் நாலு பேர் கைதட்டினார்கள். அடுத்து கருவாடு விற்கும் கிளியம்மாளின் சீட்டும் மைக்குக்குப் போயிற்று. "கிளியம்மாள் அவர்கள்... நூற்று எழுபது!" மண்டபம் அதிர்ந்தது.

ஜெயவேலு முகம் சுண்டிப்போய்த் திரும்பி வந்தார். "இன்னாம்மா இது? கருவாட்டுக்காரி நூத்தி எழுபது, நான் நூத்தி முப்பதா? மெஷின் சரியாத்தான் கீதா? நல்லா அமுக்கிப் பாரு."

"ஐயா, கொறைச்சலா இருந்தாத்தான் நல்லது."

"கொறைச்சலுன்றது எங்க பரம்பரையிலேயே கெடையாதும்மா."

டாக்டர் மைக்கைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அதெல்லாம் படிக்காதீங்க!"

"அவங்களே கொணாந்து குடுக்கறாங்க மேடம். படிக்கலன்னா கோச்சுக்குவாங்க. அப்பாலே அடுத்த திருவிழாவுக்கு என்னைக் கூப்புடுவாங்களா?" என்றான் சிட்டிபாபு.

பக்தவச்சலம் பக்கவாட்டுக் கதவை நோக்கி நாற்காலி நாற்காலியாக நகர்ந்துகொண்டிருந்தார். கதவுக்கு இன்னும் ரெண்டே எட்டு.

"நம் சங்கத் தலைவர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே பரிசோதனை மேசைக்கு வரவும்!"

ரெண்டு பேர் தோளை அணைத்து மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓடவும் முடியாத மரியாதை.

டாக்டர் காற்றடித்தார். பாதரசத்தைப் பார்த்தார். திரும்பவும் அடித்தார். மறுகையிலும் பார்த்தார். சீட்டு எழுதவில்லை. "தலை சுத்துதா சார்?"

"சத்தமாக் கேக்காதீங்க டாக்டர்" என்றார் பக்தவச்சலம்.

டாக்டர் திரும்பி நர்ஸின் காதில் எண்ணைச் சொன்னார். மைக்கோடு பின்னால் வந்து நின்ற சிட்டிபாபுவுக்கும் காது இருந்தது.

"நம் தலைவர் பக்தவச்சலம் அவர்கள்... இருநூற்று இருபது!"

கூட்டம் எழுந்து நின்றது. விசில் பறந்தது. டாக்டருக்காக வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்து ஜெயவேலுவே அவருக்குப் போர்த்தினார். "எதுலயும் நீதான்யா ஃபர்ஸ்ட்டு. ஒத்துக்கறேன்."

எந்த அவமானத்துக்காக இத்தனை நாள் நடுங்கினாரோ அது வரவே இல்லை. நூற்றிருபது என்று அவர் கதை அளந்ததை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் நடுக்கம் நின்றபாடில்லை. இடதுகை விரல்கள் மரத்துவந்தன. இத்தனை சிரித்த முகங்களில், பயந்த முகம் ஒன்றாவது இருக்காதா என்று தேடினார். பெண்கள் வரிசையில் ஒன்று இருந்தது. அது எழுந்து வந்துகொண்டும் இருந்தது.

"எழுந்திருங்க" என்றாள் அம்மணி.

"தலைமையுரை இன்னும்..."

"அதை சிட்டிபாபு படிப்பாரு. வாங்க."

நர்ஸிடம் மேசையை விட்டுவிட்டு டாக்டரும் கூடவே ஆட்டோவில் ஏறினார். பொன்னாடை சக்கரத்தில் மாட்டாமல் அம்மணி சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் சீக்கிரம் போப்பா."

ஏரிக்கரை திருப்பம் வரைக்கும் ஒலிபெருக்கி விடாமல் துரத்தி வந்தது.

"ஜெயவேலு அவர்கள் மறுபரிசோதனையில்... நூற்று நாற்பது! தலைவரை இதுவரை யாரும் முந்தவில்லை!"

கைதட்டல் கேட்டது. பக்தவச்சலம் அம்மணியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு இரண்டாவதாக வந்தால் போதும் என்றிருந்தது.