ஆறங்குலம் கூடுதல்

ஆபீசில் அவளை எல்லோரும் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் எலும்புக்கூடு முழுவதும் அவள் போட்ட கணக்கு. எந்தத் தூண் எவ்வளவு பருமன், அதற்குள் எத்தனை கம்பி, காற்றடித்தால் உச்சி எவ்வளவு அசையும், எல்லாம் அவள் தலையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆள் கிடையாது. அதனால் சனிக்கிழமையும் வேலைக்கு வந்துவிடுவாள். அன்று அங்கேயும் யாரும் இருக்கமாட்டார்கள். ஏசி ஓடும் சத்தமாவது இருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் அது அவள் கண்ணில் பட்டது.

ஆறாவது மாடியில், கார் நிறுத்தும் ஐந்து தளங்களுக்கு மேலே, முதலில் தோட்டம் மட்டும்தான் வருவதாக இருந்தது. பாதி வேலையில் நீச்சல்குளம் வேண்டும் என்று கட்டடத்தின் உரிமையாளர்கள் ஆசைப்பட்டார்கள். குளத்தைத் தாங்கும் தளத்துக்கும் உத்தரங்களுக்கும் புதுக்கணக்குப் போட்டாள். கீழே நிற்கும் நான்கு தூண்களின் கணக்குத்தாள் மட்டும் பழையபடியே கிடந்தது. அவை தோட்டத்துக்கான தூண்கள். அவற்றின் தலைமேல் நூற்றுத் தொண்ணூறு டன் தண்ணீர் நிற்கப்போகிறது. குளம் கட்டி முடிந்தாயிற்று. கட்டடம் முப்பதாவது மாடியைத் தொட்டாயிற்று. புதன்கிழமை தண்ணீர் நிரப்பிச் சோதனை.

மூன்று முறை போட்டுப் பார்த்தாள். கணினியை நம்பாமல் காகிதத்தில் ஒருமுறை. விடை மாறவில்லை. இடிந்து விழாது, எந்தத் தூணிலும் கூடுதல் பலம் சேர்த்தே போடுவது வழக்கம். அந்தக் கூடுதல்தான் இங்கே முழுசாகக் கரைந்திருந்தது. அவள் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் வேலையை விட்டே போய்விட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுக்கா. என்ன, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லடா. ஆபீஸ்ல ஒரு தப்பு..."

"ஐயோ, பிள்ளைங்கள கிளாசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருக்கேன்க்கா. நாளைக்குப் பேசட்டுமா?"

"சும்மாதான்டா கூப்பிட்டேன். பாத்துப் போ."

மறுநாள் அவன் கூப்பிடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வாயிலிருந்து வந்தது, கடைக்காரரிடம் சொன்ன "ஒரு பாக்கெட் போதும்" மட்டும்தான்.

திங்கள் காலை டைரக்டர் அறைக்குள் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"விழுமா?"

"விழாது சார்."

"அப்புறம் எதுக்கு இப்பப் போய்..."

"மேல குழந்தைங்க நீந்தும் சார். கீழ ஜனங்க நடமாடுவாங்க. என்னால பேசாம இருக்க முடியல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்லிட்டீங்க. இனிமே நானும் தெரியாதவன் மாதிரி இருக்க முடியாது" என்றார். அது பாராட்டா கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சோதனை நின்றது. நல்லவேளையாக அஸ்திவாரம் தாங்கும். நான்கு தூண்களையும் சுற்றி முட்டுக்கொடுத்து, மேற்பரப்பைக் கொத்தி, துளையிட்டுப் புதுக் கம்பி சொருகி, ஐந்து தளத்திலும் பக்கத்துக்கு ஆறங்குலம் கான்கிரீட் போட்டுத் தடிப்பாக்கினார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. தினமும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். கம்பி கட்டுகிறவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஆபீசில் சாப்பாட்டு மேசைக்கு அவள் வந்து உட்கார்ந்தால், மற்றவர்களுக்குச் சட்டென்று சாப்பாடு முடிந்துவிடும். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. திட்டினாலாவது பதில் பேசலாமே என்றிருந்தது. மீதி மாடிகளின் மேற்பார்வையை வேறொருவரிடம் கொடுத்தார்கள்.

கட்டடம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு அவளுக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. ஜனங்கள் குடிவந்து இரண்டு மாதம் கழித்து, அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி கேட்டார். யார் பெயரைச் சொல்வது?

"தூணப் பாக்கணும்" என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடையாள அட்டையைக் காட்டியபிறகுதான் விட்டார்.

ஐந்தாவது தளத்தில் ஒரு பெரியவர், காரைத் தூணுக்குப் பக்கத்தில் நுழைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் புண்ணியவான் போட்டானோ! யானைக்கால் மாதிரி."

"நான்தாங்க போட்டேன்."

அவர் திகைத்துப்போனார். "கொஞ்சம் ஒல்லியாப் போட்டிருக்கக் கூடாதாம்மா?"

"முதல்ல அப்படித்தாங்க போட்டிருந்தேன்."

பல மாதத்துக்கப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. காருக்குப் பின்னால் போய்க் கையை உயர்த்தினாள். "வலது பக்கம் ஒடிங்க... வாங்க, வாங்க... போதும்."

கார் கச்சிதமாக உள்ளே அடங்கியது. பெரியவர் ஒருக்களித்து இறங்கி மூச்சு வாங்கினார்.

"ரொம்ப நல்லதும்மா. எந்த மாடில இருக்கீங்க?"

"நான் இங்க இல்லைங்க."

"ஓ" என்று தலையாட்டிவிட்டு அவர் லிஃப்டுக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது.

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. கார் இறங்கும் சரிவிலேயே நடந்து, ஒவ்வொரு தளத்திலும் நான்கையும் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.