கல்லுக்கு நடுவில் எட்டு வாளி

கல் சுவர் ஏன் இவ்வளவு சிமெண்டை விழுங்குகிறது என்று பொறியாளர் கலைச்செல்விக்குப் புரியவில்லை. இரண்டடி உயரத்துக்கு ஒன்பது மூட்டை போதும் என்று கணக்கிட்டிருந்தாள். பத்தொன்பது போய்விட்டது.

செஞ்சியில் கோட்டைக்குப் போகும் சாலையோரம் எழும் படிப்பகம் அது. செங்கல் சுவரைவிடக் குறைவான கரியமிலவாயுவை வெளியேற்றிச் சுவர் எழுந்தால்தான், உதவ முன்வந்த அறக்கட்டளை கூரை போட்டுத் தரும். செங்கல் சூளையில் வேகிறது, கல்லை வேகவைக்க வேண்டியதில்லை என்பதால் கல்லை நம்பினாள். ஆனால் சிமெண்டும் வெந்துதான் வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளின் புகை ஒரு பக்கம். அதைவிட அதிகமாக, கல்லே தனக்குள் வைத்திருந்த வாயுவை விட்டுவிடுகிறது. மூட்டைக்கு நாற்பது கிலோ வாயுவுக்குக் குறையாது. இப்படியே போனால் செங்கல்லே தேவலை.

“கல்லுல இன்னாம்மா புகை? கோட்டைய அடுப்பு மேல வச்சா கட்னாங்க?” என்றார் மேஸ்திரி கலியபெருமாள்.

“கல்லுல இல்ல மேஸ்திரி. சிமெண்ட்ல. எங்க போவுது அவ்ளோவும்?”

“உள்ள பால் ஊத்தறேன் இல்ல? புள்ளைங்க உக்கார்ற எடமாச்சேன்னு ரெண்டு வாளி சேத்தே ஊத்தனேன்.”

சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்துச் சுவரின் நடுவில் ஊற்றுவதைத்தான் பால் என்றார். அவருடைய அன்பு முழுக்க உள்ளே இறுகிக் கிடந்தது. பெயர்த்தெடுக்க வழியில்லை.

இருபது வாளி பிடிக்கும் டிரம்மில் கருங்கல்லை நிரப்பி, அவள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். எட்டு வாளி உள்ளே போனது. கல் என்று நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் இடம்.

“இனிமே ஊத்தாதீங்க.”

“ஊத்தலன்னா பொந்தாயிடும். தேள் குடும்பம் நடத்தும். அதுவும் படிக்கட்டும்னு உட்ருவியா?”

அவர் சொன்னதும் சரி. நிரப்பினால் கூரை வராது. நிரப்பாவிட்டால் உள்ளே கல் நகர்ந்து சுவர் நிற்காது. திங்கட்கிழமை அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவள் கல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். கணக்கை எத்தனை முறை போட்டாலும் அந்த எட்டு வாளி குறையவில்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். “பாரத்தத் தாங்கறது எது மேஸ்திரி? பாலா, கல்லா?”

“கல்லு மேல கல்லு. உள்ள இருக்கறது நவுராம இருந்தாப் போதும்.”

“அப்போ சேறு?”

“மழையில கரைஞ்சிடுமே.”

“மழை சுவத்துக்கு உள்ளயா பெய்யுது?”

அவர் தலையைச் சொறிந்தார். “வெளிய கல்லு சந்துங்கள மட்டும் மூடிட்டா... கரையாதுதான்.”

எழுந்து நின்ற இரண்டடியை அப்படியே விட்டார்கள்; தரையின் ஈரத்தை அது தடுக்கும். அதற்கு மேல் குழைத்த செம்மண்ணில் கல்லை வைத்து, பொந்துகளைச் சில்லுக்கல்லாலும் அதே மண்ணாலும் அடைத்து, வெளிப்புறச் சந்துகளில் மட்டும் ஓர் அங்குல ஆழத்துக்குச் சிமெண்ட் பூசினார்கள். சுவரின் மொத்தக் கரியமிலவாயுக் கணக்கு செங்கல் சுவருக்குக் கீழே வந்தது.