லேபிளில் எழுத்து

காலை பத்தேகாலுக்கு ஜொனெட்டா கதவைத் திறந்தாள். பத்து மணிக்கே வந்துவிட்ட செட்ரிக் கால் மணி நேரமாகக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வழி மறந்துபோச்சா?"

"இருபத்தேழு வருஷம் ஆச்சுல்ல, ஜோ."

"வீடு அதே எடத்துலதான்டா இருக்கு. நீதான் நகந்துட்ட."

அவள் கணவன் லமார் ஜனவரியில் இறந்தான். சவ அடக்கத்துக்கு செட்ரிக் போகவில்லை. இப்போது அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு அட்லாண்டாவில் அக்காவிடம் போகிறாள். நிலவறையில் லமாரின் இசைத்தட்டுகள் இருந்தன. தொண்ணூறுகளின் 'ஹவுஸ்' என்ற நடன இசைத் தட்டுகளைத் தரம் பார்க்க வேண்டுமென்றால் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் எல்லோரும் செட்ரிக்கின் கடையைத்தான் கைகாட்டுவார்கள். ஜொனெட்டா கூப்பிட்டபோது அவன் மறுத்திருக்கலாம். ஆனால் லமார் கடைசியில் இவனைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னானா என்று தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து அவன் சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் எழுதினாள்.

"இது நல்லது."

"எவ்ளோ நல்லது?"

"எங்க தொழில்ல 'நல்லது'ன்னா கீறல் விழுந்தது. காது குடுத்துக் கேக்க முடியாது."

"ஓ. எங்க மாமியார் என்னைய நல்ல பொண்ணுன்னு சொன்னது இப்பதான் புரியுது."

செட்ரிக் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் சிரித்தது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

கடைசிப் பெட்டியைத் திறந்ததும் கை நின்றது. அத்தனையும் ஒரே தட்டு. லமாரும் அவனும் சேர்ந்து நடத்திய 'பேக் போர்ச்' கம்பெனி வெளியிட்ட தட்டு. தாளமும் கீழ்ஸ்தாயி பேஸும் அவனுடையவை; கீபோர்டு லமாருடையது. முதலில் அடித்த முந்நூறில் இரண்டு பேர் பெயரும் இருந்தன. லண்டனிலிருந்து ஆர்டர் வந்ததும் மறுபடி ஆயிரம் அடித்தார்கள். அதில் லமார் பெயர் மட்டும். அச்சகத்தின் தவறு என்றான் லமார். பொய் என்றான் செட்ரிக். அன்றோடு சரி. அதன்பின் லமாரின் குரல் கேட்டாலே ஃபோனை வைத்துவிடுவான்.

அவன் முதல் தட்டை எடுத்துச் சாய்த்தான்.

"புதுசு மாதிரி. நடுவுல ஒட்டுன லேபிள்ல பேனா எழுத்து. ஒரு படி கம்மி."

இரண்டாவது. "லேபிள்ல எழுத்து. ஒரு படி கம்மி."

மூன்றாவதுக்கும் அதையே சொன்னான். ஜொனெட்டா எழுதுவதை நிறுத்தினாள்.

"என்ன எழுத்து?"

"டிஜே எவனாவது தன் பேர எழுதியிருப்பான். கிளப்புல மாறிப்போகாம இருக்க."

"எவன் பேரு?"

"அதெல்லாம் யாரு பாக்குறா?"

"பாரு."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். அச்சடித்த 'லமார் ஹாலிஸ்' என்ற பெயருக்கு மேலே, நீல மையில், லமாரின் சாய்ந்த கையெழுத்தில், 'செட்ரிக் போய்ட்' என்று அவனுடைய முழுப்பெயர் இருந்தது. கீழே அல்ல, மேலே. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பெட்டியின் அடிவரை புரட்டினான்.

"கடைகடையா போய்த் திரும்ப வாங்குவான்" என்றாள் ஜொனெட்டா. "அகப்பட்டதுல எல்லாம் உன் பேர எழுதுவான். சிலதுல எழுதிட்டு அங்கேயே வெச்சுட்டு வருவான், வாங்குறவனுக்குத் தெரியட்டும்னு."

பழைய தட்டு கடைக்கு வந்தால் செட்ரிக் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. லேபிளில் பேனா எழுத்து இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுவான். தரம் ஒரு படி ஏறும். படித்துப் பார்ப்பதில்லை. இதே தட்டு ஒன்று ஒருமுறை அவன் மேசைக்கும் வந்திருக்கிறது. அதைத் துடைக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது நினைவிருக்கிறது. பஞ்சு நீலமாகியிருந்தது.

அவன் தட்டை உறையில் போடப் பார்த்தான். உறையின் வாய் அகப்படவில்லை. ஜொனெட்டா எழுந்து வந்து, அதை வாங்கி, உள்ளே தள்ளினாள்.

"உன் கடைக்கும் வந்தான் செட்ரிக். நீ சாப்பிடப் போயிருந்தியாம். உன் மேசை மேலயே ஒண்ண வெச்சுட்டு வந்தான். அந்த வாரம் முழுக்க ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தான். நீ அதப் பாக்கவே இல்லையா?"