கிளட்ச் கால்

மறைமலைநகர் கம்பெனி பஸ் டிரைவர்களிடம் போய்க் கெண்டைக்கால் வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கால் என்று கேட்பார்கள். இடது கால் என்றால் போச்சு, வைத்தியம் அங்கேயே முடிந்தது. அது கிளட்ச் கால், எண்ணெய் தேய்த்துக்கொள் என்று அனுப்பிவிடுவார்கள். கண்ணாயிரத்துக்கும் அதைத்தான் சொன்னார்கள். அவனும் நம்பினான். கூடுவாஞ்சேரி நெரிசலில் வருஷக்கணக்காகக் கிளட்ச்சை மிதித்தால் கால் என்னத்துக்கு ஆகும்?

நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். நிற்கிற நேரத்தைச் சும்மா விடுவானேன் என்று ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பான். இருமல் வரும். அதற்கு ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசியைத் திட்டுவான். மாடி ஏறினால் இரைக்கும். படி கட்டியவனைத் திட்டுவான். மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது! வேலை முடிந்து வந்ததும் மனைவி சுஜாதா எண்ணெய் தேய்த்துக் காலை அமுக்கிவிடுவாள். ஒரே அறை வீடு. அவள் அமுக்க அமுக்க, இவன் சுவரில் சாய்ந்து புகைவிட்டுக்கொண்டிருப்பான்.

பிறகு கம்பெனிக்குப் புது பஸ் வந்தது. அதில் கிளட்ச்சே கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு வேலையே இல்லை. இனி வலி பறந்துவிடும் என்று டீக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வலி போகவில்லை. முன்பு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவன் இப்போது தெருமுனையிலேயே நின்றான். கிளட்ச் இல்லையென்றால் பின்னே எது? இதை மட்டும் டீக்கடையில் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக் குடும்பங்களை மாமல்லபுரத்துக்கு ஏற்றிப் போனான். சுஜாதாவும் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார்கள். பாதி வழியில் கால் பிடிக்க, நின்றான். குனிந்து பார்த்த சுஜாதா அவனை அப்படியே உட்கார வைத்தாள். இடது பாதத்தில் உடைந்த கிளிஞ்சல் ஆழமாக ஏறியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. அவள் பிடுங்கினாள். ரத்தம் கொட்டவில்லை, பேருக்குக் கசிந்தது. அந்த வெயிலிலும் பாதம் சில்லென்று இருந்தது.

"இன்னாய்யா இது, செத்த கால் மாதிரி கீது" என்றாள்.

கண்ணாயிரம் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தான்.

மறுநாள் சுஜாதாவோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியை அவன் மணிக்கட்டில் வைத்தார். ரத்தம் ஓடுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வலது பாதத்தில் வைத்தார், லேசாகக் கேட்டது. இடது பாதத்தில் வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை.

சிகரெட் புகை நுரையீரலோடு நிற்பதில்லை என்றார் டாக்டரம்மா. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, குழாய்களின் உள்சுவரை அரித்து, தடிக்க வைத்து, கடைசியில் அடைத்துவிடும். நடக்கும்போது தசை கூடுதலாக ரத்தம் கேட்கும், அது வராது, அதனால்தான் வலி. இந்தப் புண் ஆறாவிட்டால் பாதம் அழுகும். பிறகு ஒரு குழலில் ஊதச் சொன்னார். ஊதினான், பாதியில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைந்துபோய் உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் கிடக்கிறது, இதை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுத்துப் பெரிய ஆபரேஷன் செய்யவும் பயமாக இருக்கிறது என்றார். ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை எடுத்துப் பார்க்கலாம்.

"ஆனா இனிமே ஒரு சிகரெட்கூடக் கூடாது. குடிச்சீங்கன்னா காலை எடுக்க வேண்டியிருக்கும்."

வெளியே வந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் ஒதுங்கினான். பயந்த கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது தானாகப் பாக்கெட்டுக்குள் போய் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தது. கட்டையில போறவனே, டாக்டர் சொல்லிப் பத்து நிமிஷம் ஆகவில்லையே! சுஜாதா பார்த்துவிட்டாள். வாயில் வந்தபடி ஏசப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஏசவில்லை. பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்கும் நடந்தா இப்டித்தான்யா கெண்டக்கால் புடிக்குது. படியேறுனா மூச்சு வாங்குது. வயசாவுதுன்னு வுட்டுட்டேன்."

சிகரெட் கையிலிருந்து விழுந்தது. இதுவரை தன் காலுக்காகப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று ஆகிவிட்டது. அவள் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. அவள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான், தைரியம் வரவில்லை.

எழுந்து நொண்டிக்கொண்டே சீட்டு வாங்கும் வரிசைக்குப் போனான். கால் வலித்தது, அவன் நிற்கவில்லை. ஜன்னலுக்குள் இருந்தவர் பெயர் கேட்டார், வயது கேட்டார். சுஜாதாவின் பெயரையும் வயதையும் சொன்னான். என்ன தொந்தரவு என்று கேட்டார்.

"இத்தினி வருசமா எம் பொகையத்தான் குடிச்சிக்கினு கீறா, சார்" என்றான்.