கடைசிக் காம்பராவின் கூரை

சித்திரை மாசக் கடைசியில் ஒரு நாள், காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி, சின்னராசாவை மட்டும் கொஞ்சம் நிற்கச் சொன்னார். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா காலியாகத்தான் கிடக்கிறது, வேண்டுமென்றால் பெண்சாதியோடு போய் இருந்துகொள், பழுது பார்ப்பது மட்டும் உன் பாடு என்றார். சின்னராசாவுக்கு அன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையில் கை ஓடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மலை ஏறி, பெண்கள் கொழுந்து பறிக்கும் இடத்துக்கே போய் நாகலெட்சுமியிடம் சொன்னான். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட அவள் நினைக்கவில்லை. கூடையோடு அப்படியே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்களுக்குத் தை மாசத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் றொசல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். ஹட்டன்வரை ரயிலிலும் அங்கிருந்து பொகவந்தலாவைக்குப் பஸ்ஸிலுமாகப் புருசன் வீடு வந்து சேர்ந்தவளுக்குக் கிடைத்த இடம், முன்வாசல் இஸ்தோப்பில் ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு. உள்ளே இருந்த ஒரே அறையில் மாமனார் மூக்கனும் மாமியார் மீனம்மாவும் இரண்டு நாத்தனார்களும் படுத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் யார் வெளியே போனாலும் புதுமாப்பிள்ளை, புதுப்பெண் கால்களைத் தாண்டித்தான் போகவேண்டும். இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசியதெல்லாம் வேலை முடிந்து வரும் வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில்தான்.

அன்று சாயங்காலமே போய்க் கடைசிக் காம்பராவின் கதவைத் தள்ளினார்கள். கதவு கையோடு வந்துவிட்டது. மலைக்காற்று முதலில் வந்து மோதுவது அந்த முனையில்தான் என்பதால் முன்பு இருந்தவர்கள் தாங்கமுடியாமல் வேறு லயத்துக்கு மாறிப்போயிருந்தார்கள். கூரைத் தகரத்தில் அங்கங்கே வானம் தெரிந்தது. அடுப்புக்கு மேலே புகை போவதற்கு இருந்த குழாய் துருப்பிடித்து விழுந்துவிட்டதால் சுவர் எல்லாம் கரி. நாகலெட்சுமி நான்கு மூலைக்கும் நடந்து பார்த்துவிட்டு, "இது முழுக்க நம்மளுக்காங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்காரவில்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் நேராக அங்கே வந்துவிடுவாள். அவன் சுவரின் வெடிப்புகளில் மண் குழைத்து அப்பினான். பின்னால் கான் வெட்டித் தண்ணீர் போக வழி செய்தான். உடைந்த தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, அந்தப் பலகைகளில் ஒரு தட்டும், இரண்டு பேர் படுக்க ஒரு கட்டிலும் அடித்தான். கட்டில் ஒரு பக்கம் ஆடியது. அவள் அதன் காலுக்கடியில் ஒரு ஓட்டுத்துண்டை வைத்துவிட்டு, ராசா வீட்டுக் கட்டில் என்றாள். கடைவீதியில் சுண்ணாம்பு வாங்கி, துணிக்குப் போடும் நீலத்தை அதில் கொஞ்சம் கூடுதலாகவே கலந்து அவள் சுவருக்கு அடித்தாள். காய்ந்ததும் அறை முழுக்க விடிந்த வானம் மாதிரி ஆகிவிட்டது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த காம்பரா ராக்காயி, தனக்கும் அதே நீலம் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

கூரை மட்டும் அப்படியே கிடந்தது. கணக்கப்பிள்ளை ஸ்டோரில் சொல்லிக் கொஞ்சம் தார் வாங்கிக் கொடுத்திருந்தார். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி உருட்டிப் புகைக்குழாயும் செய்து வைத்திருந்தான் சின்னராசா. ஆனால் ஏறுவதற்கு மட்டும் அவனுக்கு நேரம் வரவில்லை. ஏணி கிடைக்கவில்லை என்றான். ஏணி கிடைத்ததும் வெயில் என்றான். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றான். அவள் ஊரில் மழைக்கு முன்னால் வீட்டுக்கு வீடு கூரை ஏறுவார்கள். இங்கே இந்த ஆள் ஏன் இப்படி இழுக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

வைகாசி நடுவில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், மழைக்காலத்தின் முதல் காற்று கிளம்பியது. கூடவே ஒரு சிறு மழை. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூரையின் கரியும் துருவும் கரைந்து, நீலச் சுவரில் கறுப்புக் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அன்றுதான் அவர்களுக்குள் முதல் சண்டை. உங்களுக்கு இந்த வீட்டில் ஆசையே இல்லை, சாக்குத் திரைதான் உங்களுக்குச் சரி என்று அவள் சொன்னாள். அவன் வெளியே போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு. வானம் வெளுத்திருந்தது. அவள் எழுந்து மேட்டு லயத்துக்கு வரும்போது அவன் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தான். அதற்கு மேலே போகவில்லை. இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்திருந்தான். கிட்டப் போனபோதுதான் அவன் கெண்டைக்கால் நடுங்குவதைப் பார்த்தாள். நெற்றி முழுக்க வேர்வை.

"எறங்குங்க" என்றாள் மெதுவாக. அவனால் இறங்கவும் முடியவில்லை. அவள்தான் அவன் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தாள்.

தரைக்கு வந்ததும் அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். எவ்வளவு சரிவான மலையிலும் ஓடுவேன், காலுக்குக் கீழே மண் இருக்கவேண்டும், ஏணியில் ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்றான். இதுவரை யாருக்கும் தெரியாது, ஆம்பளை இதை எப்படி வெளியே சொல்வது என்றான். இந்த மனுசனையா ஆசை இல்லாதவர் என்று சொன்னோம் என்று அவளுக்கு மனசு கனத்தது. ஆனால் அதற்குள் அவன் இறங்கிய கோலம் ஞாபகம் வந்து சிரிப்பு முட்டியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச நேரம் முறைத்த அவனும் சிரித்துவிட்டான்.

"நான் ஏறுறேங்க" என்றாள் அவள். "அண்ணன்மாரோட ஏறி எனக்குப் பழக்கந்தான்."

சேலையைத் தாறுபாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தார் டின்னோடு ஏறினாள். ஆணி அடித்த வரிசையில் மட்டும் காலை வைத்து, பூனை மாதிரித் தகரத்தின் மேல் நடந்தாள். மேலே போனதும் அவளுக்கு வேறு உலகம் தெரிந்தது. பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, வளைந்து வளைந்து இறங்கும் ரோடு, அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பஸ். அதெல்லாம் எப்படி இருக்கிறது என்று அங்கிருந்தே அவனுக்குச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வேறென்ன வேலை? அரை மணி நேரத்தில் வாசல் எல்லாம் ஆட்கள். செய்தி அவர்கள் இருந்த கீழ் லயத்துக்கும் போய், மூக்கன் பின்தொடர, மீனம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேட்டில் ஏறி வந்துவிட்டாள்.

தாலியில் மஞ்சள் காயாத பெண் இப்படி நாலு பேர் தலைக்கு மேலே நிற்பதா, பார்க்கிறவர்கள் வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்கமாட்டார்களா என்று அவள் சத்தம் போட்டாள். மேலே நாகலெட்சுமி தார்க் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தான் சொன்னதால்தான் ஏறினாள், தனக்குக் கையில் சுளுக்கு என்று ஒரு பொய் சின்னராசாவின் வாய்வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தான். அவள் வாயைத் திறக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"அம்மா, எனக்கு ஏறப் பயம்" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அவளுக்குப் பயம் இல்ல. அதான் அவ ஏறுறா, நான் ஏணிய புடிக்கிறேன்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூக்கன் திரும்பிப் பார்த்ததும் அது நின்றது. மீனம்மா மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பிறகு கூரையில் பளபளவென்று அடைபட்டிருந்த ஓட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க வீட்டு அடுப்புக்கு மேலயும் ரெண்டு ஓட்டை இருக்கு" என்றாள் கடைசியில். "தார் மிச்சமிருந்தா அப்புறமா வந்து பாரு."

லயமே வாய்விட்டுச் சிரித்தது. சின்னராசாவும் சிரித்தான். மூக்கன் வந்து புகைக்குழாயை மேலே தூக்கிக் கொடுத்தார். நாகலெட்சுமி அதைத் துளையில் இறக்கி, சுற்றிலும் தார் அப்பி, கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

அவள் இறங்கி வந்து கையில் இருந்த தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதற்குள், சின்னராசா உள்ளே போய் அடுப்பு மூட்டிவிட்டான். முதலில் புகை அறைக்குள்ளேயே சுற்றியது. பிறகு, வழி கண்டுபிடித்ததுபோல மெல்ல மேலே ஏறியது. வெளியே ராக்காயி, வருது வருது என்று சொன்னதும் இரண்டு பேரும் ஓடிவந்து பார்த்தார்கள். மண்ணெண்ணெய்த் தகரக் குழாயின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிக் காற்றில் சாய்ந்து போனது.

சாயங்காலமே பாயையும் சட்டிபானையையும் கொண்டு வந்துவிட்டார்கள். மீனம்மா ஒரு படி அரிசியும் கருவாடும் கொடுத்து அனுப்பினாள். சோறு கொதிக்கும்போது மழை இறங்கியது. இந்தத் தடவை சிறு மழை இல்லை, மலையையே மறைக்கிற மழை. இரண்டு பேரும் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தார்கள். கதவுப் பக்கம் ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. அவள் அங்கே ஒரு சட்டியை வைத்தாள்.

தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. அவன் என்னவோ சொன்னான். அவள் காதைக் காட்டினாள். அவன் மறுபடி சொன்னான், அப்போதும் கேட்கவில்லை. அடுப்பைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பின்னால் இரண்டு கோழி வளர்ப்போமா என்று கேட்டான். நாலு வளர்ப்போம் என்று அவள் பலமாகக் கத்தினாள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காது என்பது நினைவுக்கு வந்ததும், அவன் பேரைச் சொல்லியும் ஒரு தடவை கத்திப் பார்த்தாள்.