ஏலக்காரரின் எடை

பேச்சு போன ஏழாவது வருஷம் ஏலக்காரரைக் காய்கறி மண்டியின் எடைமேடையில் ஏற்றியபோது முள் நானூற்றுப் பத்துக் கிலோவில் போய் நின்றது. ஆள் ஈர்க்குச்சி. கன்னம் ஒட்டி, விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. எடைக்காரன் தராசில்தான் கோளாறு என்று அவரை இறக்கிவிட்டு ஓர் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்துப் பார்த்தான். ஐம்பதுக்கு ஐம்பது சரியாகக் காட்டியது. மறுபடி அவரை ஏற்றினார்கள், மறுபடி நானூற்றுப் பத்து. அன்றைக்கு உருளைக்கிழங்கு விலை இறங்கியிருந்தது, தக்காளி விலை ஏறியிருந்தது. மண்டியில் அன்று அதிகம் பேசப்பட்டது தக்காளியைப் பற்றித்தான்.

அவர் அந்த மண்டியில் தொண்டையால் பிழைத்தவர். ஒரு காலை, வெங்காயக் குவியல் முன்னால் நின்று மணியை ஆட்டி "ஒரு தரம்" என்றார், "ரெண்டு தரம்" என்றார், அதோடு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மணி கீழே விழுந்தது. வலக் கை தொங்கியது. ஆளும் வெங்காயத்தின் மேலேயே சாய்ந்தார். மூன்றாம் தரம் சொல்லப்படாததால் அந்தக் குவியல் விற்றதாகவும் ஆகவில்லை, விற்காததாகவும் ஆகவில்லை. வாங்க வந்தவனும் விற்க வந்தவனும் ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருந்ததில் வெங்காயம் அங்கேயே முளைவிட்டுத் தாள் வைத்தது. ஏலக்காரருக்கு நினைவு திரும்பியபோது வாயில் மிச்சம் இருந்தது அந்த "ரெண்டு தரம்" மட்டும்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், வெளிச்சத்தை அணை என்றாலும் அதுதான். கோபம் வந்தால் சத்தமாகச் சொல்வார், அழுகை வந்தால் இழுத்துச் சொல்வார்.

இந்த ஊருக்கு எதுவுமே பழசாகித்தான் வந்து சேரும். பஸ்ஸும் அப்படித்தான், டாக்டரும் அப்படித்தான். அப்போது இருந்த டாக்டர், தன் வாத்தியாரின் வாத்தியார் படித்த புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர். அந்தப் புத்தகத்தில் பேச்சு நாக்கில் இருந்தது. அதனால் நாக்கைப் பிடித்துக்கொண்டார். கொப்புளம் கிளப்பும் களிம்பைத் தடவினார், நாக்குக்கு அடியில் அட்டையைக் கடிக்க விட்டார், கடைசியில் நாக்கின் அடி நரம்பைக் கத்தியால் கீறிவிட்டார். ஏலக்காரரின் மனைவி பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "நாக்கு நல்லாத்தானே இருக்கு டாக்டர்? உதட்டுல ஒட்டுன கஞ்சியக்கூட வழிச்சிடுறாரே" என்றாள். "நீங்க டாக்டரா, நான் டாக்டராம்மா?" என்றார் அவர். வயிறு காய்ந்தவளுக்குப் படித்தவன் சொல்வதுதான் வாக்கு.

நாக்கில் ஒன்றும் நடக்காது என்று தெரிந்த பிறகு டாக்டர் புத்தியைச் சோதித்தார். "நீ ஆம்பளையா?" என்று கேட்டார். ஏலக்காரர் தலையாட்டினார். "பொம்பளையா?" அதற்கும் ஆட்டினார். "நான் கழுதையா?" அதற்கு மட்டும் கொஞ்சம் பலமாக ஆட்டினார் என்று கம்பவுண்டர் வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, "மூளை செத்துப்போச்சும்மா. காது கேக்கும், மனசுல ஏறாது. இனிமே அவர்கிட்ட பேசுறதும் செவுத்துக்கிட்ட பேசுறதும் ஒண்ணுதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் எடை ஏற ஆரம்பித்தது. எப்படி ஏறியது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. மனுஷனுக்குச் சொன்னது காதால் போய் வாயால் வந்துவிடும், கணக்கு நேராகிவிடும். இவருக்கு வாய் அடைத்துவிட்டது, உள்ளே போனதெல்லாம் உள்ளேயே தங்கியது. செவுரு என்று டாக்டரே சொல்லிவிட்டதால் தெருவில் இருந்தவர்களுக்கும் வசதியாகப் போயிற்று. காது மட்டும் இருந்து வாயும் புத்தியும் இல்லாத ஆள் எங்கே கிடைப்பான்? விசாரிக்க வருகிற மாதிரி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவரவர் வயிற்றில் கிடந்ததை இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டி எடையில் திருடிய மண்டிக்காரன் வந்தான். தங்கச்சியின் கடிதத்தைக் கிழித்துப் போட்டவள் வந்தாள். ஏலக்காரரின் கூடப்பிறந்த தம்பியே வந்து, வீட்டுப் பத்திரத்தில் அண்ணன் கைநாட்டைத் தானே வைத்துவிட்டதைச் சொல்லி, "மனசு லேசாயிடுச்சுண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் லேசானது அன்றைக்குக் கட்டிலுக்குத் தெரிந்தது, அதன் ஒரு கால் முறிந்தது. அடுத்த மாதம் வைத்தியத்துக்கு என்று தள்ளுவண்டியில் ஏற்றினார்கள், அச்சு ஒடிந்தது. அப்போதுதான் மண்டியில் எடை போட்டுப் பார்த்தார்கள்.

மனைவியும் மாறிப்போனாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து "என்னங்க", "சொல்லுங்க" என்று இருந்தவள், உள்ளே ஆள் இல்லை என்று ஆன பிறகு "என்னய்யா" என்றாள், அப்புறம் "ஏய், வாயைத் திற" என்றாள், அலுத்த நாளில் "செத்துத் தொலையேன்யா, எனக்கும் விடியும்" என்றாள். அவளைக் குறை சொல்லக் கூடாது. காலையில் சட்டை தைக்கிற கம்பெனிக்குப் போய்விட்டு வந்து மாலையில் அவர் துணியைத் துவைக்கிறவள் அவள்தான். மகளுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, இந்த வியாதி பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டுவிட்டாள். தாயும் மகளும் கலந்து பேசி, அப்பா விபத்தில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று பின்னறையைப் பூட்டினார்கள். உள்ளிருந்து "ரெண்டு தரம்" என்று கேட்டது. பின்னறையில் ஒரு பெரியவர் வாடகைக்கு இருக்கிறார், கொஞ்சம் ஒரு மாதிரி என்றார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மனைவி அவர் முதுகைத் துடைத்துக்கொண்டே, செவுருதானே என்று சொன்னாள்: "நீ செத்துப்போயிட்டன்னு சொல்லித்தான்யா நம்ம பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கேன்." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது பல வாரம் நிற்கவில்லை. டாக்டரைக் கேட்டதற்கு, "கண்ணுல நீர் கோத்திருக்கும்மா" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மகள் ஆண்டுக்கு ஒரு தடவை புருஷனோடு வருவாள். வாடகைக்கு இருக்கிற பெரியவரின் அறைப் பக்கம் அவள் போகமாட்டாள்.

முதல் டாக்டர் ஓய்வு பெற்றுப்போன பிறகு வந்தவர் இளவயதுக்காரர், ஒல்லி. பையிலிருந்து ஒரு சாவி, ஒரு சீப்பு, ஒரு கிண்ணம் எடுத்து ஏலக்காரர் முன்னால் வைத்தார். "சீப்பை எடுங்க" என்றார், இடக் கையால் எடுத்தார். "சாவியைக் கிண்ணத்துல போடுங்க" என்றார், போட்டார். டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பேச்சு நாக்கிலும் இல்லை, புத்தியிலும் இல்லை, மூளையில் இடப் பக்கம், முன் நெற்றிக்குப் பின்னால் ஓரிடத்தில் இருக்கிறது, அந்த இடம் மட்டும்தான் இவருக்குக் கெட்டிருக்கிறது என்றார். நூறு வருஷத்துக்கும் முன்னால் வேறொரு தேசத்தில் இப்படித்தான் ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும் ஆள் ஒருவன் இருந்தானாம், செத்த பிறகு தலையைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். "எல்லாம் புரியுதும்மா அவருக்கு. வெளிய வரத்தான் வழியில்ல."

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாமேவா டாக்டர்?"

"எல்லாமே. சந்தோஷமா இருங்க. அப்புறம் ஒரு விஷயம், இவர் காலமானா எனக்குத்தான் முதல்ல சொல்லி அனுப்பணும். மூளையைப் பார்க்கணும்."

செய்தி பொழுது சாய்வதற்குள் மண்டிக்கு எட்டிவிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அன்னைக்குச் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்றான் காந்தக்காரன். சொன்னதைத் திரும்ப எடுக்க வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வாரத்தில் இன்னும் எழுபது கிலோ ஏற்றிவிட்டுப் போனார்கள். தம்பி ஊரை விட்டே போய்விட்டான். மனைவி பல நாள் அறைக்குள் போகாமல் தட்டை உள்ளே தள்ளிவிட்டாள். கடைசியில் ஒரு நாள் காலடியில் உட்கார்ந்து, பழையபடி "என்னங்க" என்று கூப்பிட முயன்றாள், நாக்கு புரளவில்லை. எப்படியோ மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி அழுதாள். அவர் "ரெண்டு தரம்" என்றார். அது கோபத்திலா, இரக்கத்திலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுது முடித்து எழுந்தபோது தரைக்கல் விரிசல் விட்டிருந்தது, கட்டில் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. மன்னிப்பும் எடைதான். அன்றிலிருந்து அவள் அந்த அறையில் வாயே திறக்கவில்லை. அப்படியே ஒரு தலைமுறைக் காலம் ஓடிவிட்டது. அவர் சாவதற்குக் காத்திருந்த ஒல்லி டாக்டர் காத்திருந்தே கிழவராகி, குடலில் ஏதோ வந்து, அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண் டாக்டர். நல்லவர்தான், ஆனால் நல்லவர்களால் என்ன ஆகிவிட்டது? பளு தூக்கும் லாரி வைத்து ஏலக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தலையைப் படம் பிடிக்கும் மெஷினுக்குள் தள்ளினார். படம் வந்தது, மெஷினின் பலகை உடைந்தது. படத்தில் ஒரு கறுப்பு. முன்னவர் சொன்ன இடத்தையும் தாண்டி, பின்னால் வரை படர்ந்திருந்தது. டாக்டர் பொம்மைகளை வைத்து, "சிங்கத்தைப் புலி கொன்னுடுச்சு, செத்தது எது?" என்று கேட்டார். ஏலக்காரர் ஒரு தடவை சிங்கத்தைத் தொட்டார், மறுதடவை புலியைத் தொட்டார்.

"கொஞ்சம் புரியுது, கொஞ்சம் புரியலைம்மா" என்றார் டாக்டர்.

"எந்தக் கொஞ்சம்?" என்றாள் மனைவி.

"சின்னச் சின்ன வார்த்தை புரியும். நீளமா, ஒண்ணோட ஒண்ணு பின்னிச் சொன்னா, யாரு என்ன ஆனாங்கன்னு பிடிபடாது."

கல்யாணத்துக்கு மறுநாள் முதுகு துடைத்துக்கொண்டே அவரிடம் சொன்னதை மனைவி அப்படியே டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுல அவருக்கு என்னம்மா போய்ச் சேர்ந்திருக்கும்?" என்று மனைவி தன் வயதுக்குச் சின்னப் பெண்ணான டாக்டரையே அம்மா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"பொண்ணுங்கிறது போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார் டாக்டர். பேனாவை மூடிக்கொண்டே, "செத்ததுங்கிறதும்" என்றார்.

அவரைப் பின்னறைக்கே திரும்பக் கொண்டுவந்து, மகளை வரவழைத்தார்கள். எந்த மாமியாருக்காகப் பொய் சொன்னார்களோ அவள் எப்போதோ போயாயிற்று. ஏலக்காரர் பார்த்திருந்தது ரெட்டைச் சடை போட்ட பெண்ணை. வந்து நின்றவள் நரைத்தவள், கண்ணாடி போட்டவள், மூட்டு வலிக்காரி. அவள் "அப்பா" என்றாள். அவர் பார்த்தார். "இவ யாருன்னு தெரியுதா?" என்றாள் மனைவி. தலையாட்டினார். "நம்ம பொண்ணு செத்துட்டாளா?" தலையாட்டினார். "உசுரோட இருக்காளா?" அதே மாதிரிதான் ஆட்டினார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷம் சேர்த்துவைத்திருந்த கூப்பிடல் அது. தரை தாங்கவில்லை. கல் பிளந்து, கட்டிலோடு அவர் கீழே போனார். மகளின் வளையல் ஒன்றும் கூடவே போயிற்று.

எட்டிப் பார்த்தபோது ஆழத்தில் கட்டிலும் கட்டிலில் அவரும் அப்படியே இருந்தார்கள். தூக்கப் பார்த்தார்கள், எந்தச் சங்கிலியும் தாங்கவில்லை. நகராட்சியிலிருந்து வந்து குழியைச் சுற்றி இரும்புக் கம்பி அடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மனைவி வாளியில் சாப்பாடு இறக்கினாள், வாளி காலியாக வந்தது. டாக்டர் ஒரு நாள் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பேசாதீங்கம்மா. ஒவ்வொரு வார்த்தைக்கும் இன்னும் கீழே போறார். பேசாம விட்டா, இருக்கிற எடத்துலயே இருப்பார்" என்றார்.

"செத்த பொண்ணோடவா?" என்றாள் மனைவி.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அவள் காலையில் வாளியை இறக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக் குனிந்து, "பொண்ணு இருக்கா" என்று சொல்கிறாள். அந்த இரண்டு வார்த்தைதான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கீழேயிருந்து "ரெண்டு தரம்" என்று வருகிறது. முன்பு உடனே வரும், இப்போது கொஞ்சம் தாமதமாக வருகிறது. கயிற்றுக்கடைக்காரர் எதற்கு என்று கேட்பதை விட்டுவிட்டார். மாதம் பிறந்தால் வாளிக் கயிற்றோடு முடிய நாலு முழம் வெட்டி, அவள் வருவதற்கு முன்பே தனியாகச் சுருட்டி வைத்துவிடுகிறார்.