பூஜைக்கு வைத்த ஃபிளாப்பிகள்

சௌரிராஜன் ஒரு வாயில்லாப் பூச்சி. மூளை இருந்தது, நாட்டுக்கே போதுமான மூளை. வாய்தான் இல்லை. வடக்கே ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தால் எந்த ஊரை எப்போது தொடும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ப்ரோக்ராமை இந்த நாட்டில் முதன்முதலாக எழுதியவர் அவர். எழுதியது அவர், பெயர் வாங்கியது மேலதிகாரி. பாராட்டு விழாவில் தானும் சேர்ந்து கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்ட மனிதரை என்னவென்று சொல்வது? ஓய்வு பெற்று மதுரைக்கு வந்தார், திருநகரில் வீடு கட்டினார், அங்கேயே கண்ணை மூடினார்.

அவர் விட்டாலும் அவர் மனைவி சீதாலட்சுமி விடவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் பெங்களூரில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்திலிருந்து போன் வந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதிதாக ஒரு மண்டபம் திறக்கப்போகிறார்களாம். அதில் வெள்ளக் கணக்குக்கென்று ஒரு சுவர். இப்போதைக்கு அந்தச் சுவரில் மேலதிகாரியின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் சௌரிராஜன் எழுதிய மூல ப்ரோக்ராம் கிடைத்துவிட்டால், அதன் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் எழுதியவர் பெயர் இருக்கும். சுவரையே மாற்றிவிடலாம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பிரதிகள் கட்டடம் மாறியபோதே தொலைந்துவிட்டன.

"வீட்ல ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டான் போனில் பேசிய இன்ஜினியர் சூரியபிரகாஷ்.

"இருக்கு தம்பி. பூஜை அலமாரியில பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள் சீதாலட்சுமி.

மதுரைக்கு மேற்கே செல்லம்பட்டிப் பக்கத்துக்காரன் அவன். அடுத்த வாரமே ஃபிளாப்பி படிக்கும் ஒரு பழைய டிரைவையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இட்லி வைக்கிறேன் என்றவளிடம், "மொதல்ல வேலையப் பாத்துருவோம்மா, சந்தோஷமா அப்புறம் சாப்பிடுறேன்" என்றான்.

அவள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சௌரிராஜன் போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது, பட்டுத் துணியில் சுற்றிக் கிடைத்த பெட்டி அது. உள்ளே சதுரமாகக் கறுப்புக் கறுப்பாக, அந்தக் காலத்தில் ப்ரோக்ராம்களைப் பதிந்துவைத்த ஃபிளாப்பிகள், ஒவ்வொன்றிலும் அவருடைய பொடிக் கையெழுத்து. பெற்ற பிள்ளைகளைப் பரணில் போட்டிருந்தாரே மனுஷன் என்று அன்றைக்கு அவளுக்குக் கோபமாக வந்தது. பாவம், இவை ஒரு சரஸ்வதி பூஜையைக்கூடப் பார்த்ததில்லை. அந்த வருஷம் துக்கம் கழிந்ததும் முதல் காரியமாக அவற்றைக் கீழே இறக்கினாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் கொலுப்படிக்கு முன்னால் அவற்றுக்குத்தான் முதல் இடம். கறுப்பு உறையில், உள்ளே இருக்கும் தட்டு தெரிகிறாற்போல் ஒரு சிறு திறப்பு உண்டு. பளபளவென்று நெற்றி மாதிரி இருக்கும். தன் நெற்றிக்கு வேண்டாமென்று விட்ட குங்குமத்தை, சந்தனம் குழைத்து, ஒன்றுவிடாமல் அவற்றுக்கு வைத்தாள்.

சூரியபிரகாஷ் முதல் ஃபிளாப்பியை எடுத்தான். முகம் மாறியது. இரண்டாவதை எடுத்தான், மூன்றாவதை எடுத்தான். பஞ்சில் மருந்தைத் தொட்டு மெள்ள மெள்ள ஒற்றினான். உறையைக் கத்தரித்துத் தட்டை வெளியே எடுத்துத் துடைத்தான். சந்தனத்தோடு, எழுதியதெல்லாம் பதிந்திருந்த தட்டின் பழுப்புப் பூச்சும் பெயர்ந்து வந்தது. டிரைவில் போட்டால் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மத்தியானம் வரை தலைகீழாக நின்று பார்த்தான். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

"என்னாச்சு தம்பி?"

"ஈரம்மா" என்று மென்று முழுங்கினான். "ரொம்ப நாளாச்சுல்ல. ஈரம் ஏறிப்போச்சு."

சீதாலட்சுமி அவன் பக்கத்தில் கிடந்த பஞ்சுகளைப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு.

"என் குங்குமமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சட்டென்று அவளுக்கு ஒன்று நினைவுக்கு வர, அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இல்ல தம்பி, அப்படி இருக்காது. அவர் இருந்த காலத்துல வேற ஃபிளாப்பிக்கும் நான் பொட்டு வச்சிருக்கேன். ஒவ்வொரு பூஜைக்கும் அவரே மேஜை டிராயரைத் திறந்து, தன் கையால எடுத்துக் குடுப்பார். 'இன்னைக்கு எனக்கும் லீவு, இதுக்கும் லீவு'ம்பார். கெட்டுப்போகும்னா அவருக்குத் தெரியாதா? இரு, அதையும் காட்டுறேன்!"

ஏறக்குறைய ஓடினாள். அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள். இவற்றிலும் பொட்டு இருந்தது, வருஷத்துக்கு ஒன்றாக ஏடு ஏடாக.

அவன் ஒன்றைப் பிரித்தான். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இன்னொன்றைப் பிரித்தான். பிறகு எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டான்.

"சொல்லு தம்பி."

"அம்மா... இதெல்லாம் வெத்து டிஸ்க்கும்மா. ஒரு தடவகூட மிஷின்ல போடல. போட்டிருந்தா தட்டுல தேய்ஞ்ச தடம் இருக்கும். இது அம்புட்டும் புதுசு."

சீதாலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புரிந்துவிட்டது. அவளுக்குப் பூஜை வேண்டியிருந்தது, அவருக்கு ஃபிளாப்பி வேண்டியிருந்தது. பூஜையையும் தடுக்கவில்லை, ஃபிளாப்பியையும் விடவில்லை. வெற்றுத் தட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டு, உண்மையானவற்றைப் பட்டில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். அவள் மனம் நோகக்கூடாதாம். ஆயுசு முழுக்க அவள் மனம் நோகாமல் பார்த்துக்கொண்ட மனிதர், இந்த ஒரு நாளுக்கு மட்டும் வழி செய்யாமல் போய்விட்டார்.

"ஒரு வார்த்தை" என்றாள். "'சீதா, இதுல பொட்டு வைக்காதே'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வச்சிருப்பேனா? ஊர்க்காரங்ககிட்டதான் வாயைத் திறக்கல. என்கிட்டயுமா?"

அழுதாள். அவருடைய சாவுக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. சூரியபிரகாஷ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அழுது ஓய்ந்தபின் அவள் கேட்டாள்: "சுவத்துல?"

"இருக்கிற பேரே இருக்கும்மா. மாத்துறதுக்கு நம்ம கையில எதுவும் இல்லையே."

"உங்க ஆபீஸுக்கு என்ன எழுதுவ?"

"ஈரத்துல கெட்டுப்போச்சுன்னு எழுதிர்றேன். உங்களப் பத்தி ஒரு வார்த்த வராதும்மா, நான் பாத்துக்கிறேன்."

சீதாலட்சுமி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எழுதாதே. ஈரம்னு எழுதினா அவர் சரியா வைக்கலைன்னு ஆகிப்போகும். அதையும் அவர் தலையில கட்டணுமா? அவர் பத்திரமாத்தான் வச்சிருந்தார். எடுத்துப் பொட்டு வச்சுக் கெடுத்தது அவர் பொண்டாட்டி சீதாலட்சுமி. அப்படியே எழுது."

அவனுக்கு மனம் வரவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றாள். அவன் எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.